ஒரு பாயின் அகலம்

ராத்தா கடைக்குள் வந்தபோது நான் போட்டோக்கொப்பி மெஷினின் வயிற்றைத் திறந்து, சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தேன். கல்முனைப் பிரதான வீதியிலிருந்து கடல் பக்கமாக ஒரு ஒழுங்கை உள்ளே என் கடை. டைப்பிங், கொப்பி, பழுதான கொம்பியூட்டர் பார்ப்பது. யுத்தம் முடியப் போகுது, முடியப் போகுது என்று ஊரெல்லாம் ரேடியோவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த மே மாதம். காற்று இல்லை. கடலின் சத்தம் மட்டும் கூரைத் தகரத்தின் மேலால் வந்துகொண்டிருந்தது.

ராத்தா என் கூடப்பிறந்தவர் இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். கடற்கரையோரம் வீடு இருந்தது. கடல் வந்து போன பிறகு நாலு வருசத்துக்கு மேல் தகரக் கொட்டிலில் இருந்தார்.

"தம்பி, எங்கட வளவுக்குப் பிளான் கீறினது நீங்கதானே?"

"ஓம் ராத்தா. சேரோட வந்து."

"அது இரிக்கா இப்ப?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். முழுதாக இருந்தால் எழும்ப முடியாமல் போய்விடும் என்பதுபோல ஒரு இருப்பு.

அவர் கேட்டது சின்ன விசயம். கிணற்றடியிலிருந்து தங்கச்சியின் சுவர் வரைக்கும் எத்தனை அடி. அவ்வளவுதான். கிணறு இருக்கிறது. சுவர் இல்லை. சுவர் நின்ற இடம் எதுவென்று சொல்ல ஒரு கல்கூட இல்லை. உடைசல்களை அள்ள வந்த பெக்கோ மெஷின் அத்திவாரத்தையும் சேர்த்துக் கிண்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது கிணற்றிலிருந்து பார்த்தால் அடுத்த வேலி வரைக்கும் ஒரே மணல்.

"வியாழக்கிழமை மேசன் வாறாரு, கக்கூசுக் குழி தோண்ட. எங்க தோண்டுறது? புள்ள எங்க இரிக்கி எண்டு தெரியாம எங்க தோண்டுறது?"

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். ராத்தாவின் தங்கச்சியின் பிள்ளை, எட்டு மாதம். கடல் வந்த அன்று தங்கச்சியின் ஜனாஸாவை அடக்க மையவாடிக்குக் கொண்டு போனார்கள். பிள்ளையைக் காணவில்லை. அடுத்த நாள் விழுந்து கிடந்த சுவரின் கீழே இருந்தது. அந்த நேரம்தான் யாரோ தெருமுனையிலிருந்து கத்தினார்கள், கடல் திரும்ப வருகிறது என்று. எத்தனை தடவை அப்படிக் கத்தினார்கள், எத்தனை தடவை நாங்கள் ஓடினோம். ராத்தாவும் தங்கச்சியின் மாப்பிள்ளையும் மட்டும் ஓடவில்லை. சுவரடியிலேயே, தங்கச்சியின் வளவுப் பக்கமாக, கையாலும் ஒரு உடைந்த தட்டாலும் மணலைத் தோண்டி, மாப்பிள்ளையின் சேட்டில் சுற்றி, தொழுதும் தொழாமலும் அடக்கிவிட்டுப் பிறகு ஓடினார்கள். நட்டு வைத்த தடியைப் பெக்கோ கொண்டு போனது.

அந்த மாப்பிள்ளை இப்போது வரிப்பத்தான்சேனையில், தன் உம்மாவின் வீட்டில், வயல் செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணும் இல்லை, வீடும் இல்லை என்றால் வந்த கையோடு திரும்பிப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது. போகும்போது மனைவியின் பங்குக் காணியையும் ராத்தாவின் மகளுக்கே விட்டுக்கொடுத்தார். அந்த மகளுக்குச் சீதன வீடு கட்ட. எனக்கென்னத்துக்கு என்றாராம். ஒரே ஒரு சொல் மட்டும் கேட்டாராம்: புள்ள இருக்கிற இடத்தத் தோண்டிராதீங்க.

ராத்தா போன பிறகு நான் தாளை உருவிக்கொண்டிருந்த மெஷினை அப்படியே திறந்து கிடக்கவிட்டேன்.

அந்தப் பிளான் கீறிய நாள் என் கண்ணுக்குள் இருக்கிறது. நான் அப்போது காணி அளக்கிற ஒரு சேவயரின் ஒபிசில் படம் கீறுபவன். அவரை நாங்கள் சேர் என்போம். ராத்தாவின் வாப்பா மௌத்தாகி இரண்டு மாதம். இளையவளுக்கு, அந்தத் தங்கச்சிக்கு, கலியாணம் பேசியாயிற்று. நிக்காஹ்வுக்கு முன் காணி அவள் பெயருக்கு எழுதப்பட வேண்டும். வீட்டில் அவர்களின் உம்மா இத்தாவில் இருந்தார். புருசனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற காலம். ஆகவே சேரும் நானும் கிணற்றடிக்கு மேல் போகவில்லை. கிணற்றுக்கு அப்பால் ஒரு பூப்போட்ட கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அளக்கிற நாடாவின் நுனியைத் திரையின் கீழால் கொடுத்தோம். ராத்தா உள்ளே அதை இழுத்துக்கொண்டு போனார். சுவர் அப்போது இல்லை. இரண்டு வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. வேலியில் அக்கா தங்கை போய்வர ஒரு கடப்பு.

"வேலியடியில புடிச்சாச்சா, மகள்?" என்று சேர் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஓம் சேர், புடிச்சாச்சி."

நாடா விறைத்தது. சேர் பார்த்துச் சொன்னார், நான் எழுதினேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இளையவளுடையது. கலியாணப் பெண் சிரிக்காமல் என்ன செய்யும் என்று சேர் மெல்லச் சொன்னார். போய் வேலியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. அப்படி எத்தனை வளவுகளை நாங்கள் பெண்களின் குரலை நம்பி அளந்திருக்கிறோம்.

காணி பதிகிற கந்தோரில் உறுதிப் பத்திரத்தின் பிரதி இருந்தது. அதில் நாலு எல்லை இருந்தது, கிணறு இல்லை. கிணறு எங்கள் பிளானில் மட்டும்தான். அதைக் கீறிய கொம்பியூட்டரும் ஒபிசும் சேரும், எல்லாம் கடலோடு போனது. ஆனால் மாத முடிவில் எல்லாப் பிளானையும் இரண்டு சீடியில் அடிக்கச் சொல்வார் சேர். "ஒண்டு இங்க, ஒண்டு உன்ட வீட்ட. நெருப்புக் கிருப்புப் புடிச்சாலும் ஒண்டு மிஞ்சும்." நெருப்பைப் பற்றித்தான் யோசித்தார். என் வீடு வயல் பக்கம். சீடி மிஞ்சியது.

மிஞ்சியது இன்னொரு சீடியும். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

பிளான் கீறுகிற சொஃப்ட்வெயரின் அசல் சீடி அது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த சொஃப்ட்வெயர் முதலில் டிரைவுக்குள் எட்டிப் பார்க்கும். அசல் சீடி உள்ளே இருந்தால்தான் கதவைத் திறக்கும். பிரதி அடித்துப் போட்டால் கண்டுபிடித்துவிடும். அசலில் ஏதோ ஒரு இடத்தில் வேண்டுமென்றே ஒரு வடுவை வைத்திருந்தார்கள். பிரதிக்கு அந்த வடு வராது. சேர் அதைத் தன் மேசை லாச்சியில் வைத்திருப்பார். கடல் வருவதற்கு முதல் நாள் சனிக்கிழமை, என் மச்சானின் கொம்பியூட்டரில் கீறிப் பழகலாம் என்று, சொல்லாமல் அதை எடுத்துப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். திங்கட்கிழமை காலையில் வைத்துவிடலாம் என்று.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒபிஸ் திறப்பதில்லை. சேர் அன்று காலையில் ஒபிசுக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏன் போனார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. சனி பின்னேரம் அவசரமாக ஒரு பிளானைத் திறக்கப் பார்த்திருக்கலாம். சீடியைக் காணாமல் நாளைக்கு வந்து தேடுவோம் என்று போயிருக்கலாம். வேறு காரணமாகவும் இருக்கலாம். நாலரை வருசமாக அந்த ‘லாம்’களுக்குள்தான் நான் குடியிருந்தேன்.

ஆகவே முதலில் நான் அந்த அசல் சீடியை எடுக்கவில்லை. ராத்தாவின் விசயத்தை அது இல்லாமல் முடித்துவிடப் பார்த்தேன்.

என் புது கொம்பியூட்டரில் அந்தப் பழைய சொஃப்ட்வெயர் ஓடாது. பழைய விண்டோஸ் வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டரைச் செய்வது. வேர்ச்சுவல் மெஷின் என்பார்கள். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அதற்குள் ஒரு முழுக் கொம்பியூட்டர் முதலிலிருந்து கண் விழிக்கும். அதற்கு உடம்பு கிடையாது. மெமரி, ஹாட் டிஸ்க், கீபோர்ட் எல்லாம் வெளியே இருக்கிற கொம்பியூட்டர் கடன் கொடுத்தது. ஆனால் அது தனக்கு உடம்பு இருப்பதாகவே நம்பும். அந்த நீலத் திரை வந்து, பழைய மணிச் சத்தம் கேட்டது. சேரின் ஒபிசில் ஒவ்வொரு காலையும் கேட்ட சத்தம்.

அந்த உள் கொம்பியூட்டருக்கு ஒரு சீடி டிரைவ் காட்ட வேண்டும். இரண்டு விதமாகக் காட்டலாம். ஒரு சீடியின் பிம்பத்தை ஃபைலாக எடுத்து, இதுதான் உன் சீடி என்று கொடுக்கலாம். அல்லது வெளியே நிசமாக இருக்கிற டிரைவையே, தட்டு வெளியே வந்து உள்ளே போகிற அந்த இரும்புப் பெட்டியையே, அதன் கண்ணுக்குக் காட்டலாம். நான் முதலாவதைத்தான் செய்தேன். பழகிய காலத்தில் மச்சானின் கொம்பியூட்டரில் எடுத்துவைத்த பிம்பம் ஒன்று இருந்தது. கொடுத்தேன். அசல் சீடியைப் போடவும் என்றது. திரும்பக் கொடுத்தேன். அசல் சீடியைப் போடவும்.

அசலை அலுமாரியில் ஒரு பழைய சாரத்துக்குள் சுற்றி வைத்திருந்தேன். ஒரு கீறல் இல்லை. வானவில் அப்படியே இருந்தது.

போட்டேன். டிரைவ் சுற்றியது. வெளிக் கொம்பியூட்டர் அதைக் கண்டது. உள் கொம்பியூட்டர் காணவில்லை. டிரைவ் இருக்கிறது என்றது, உள்ளே ஒன்றுமில்லை என்றது. தட்டைத் தள்ளினேன், இழுத்தேன். சீடி சுற்றுகிற சத்தம் என் காதுக்குக் கேட்கிறது. உள்ளே இருப்பதற்கு மட்டும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையும் அதே கதை. ராத்தா ஒரு தடவை வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"தம்பி, அது என்ன செல்லுது?"

"காணல்ல எண்டு செல்லுது ராத்தா."

"எதிரில வெச்சிக்கிட்டா?"

"எதிரில வெச்சிக்கிட்டுத்தான்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் கூட்டாளி வந்தான். காரைதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவன். பள்ளிக்கூடம் விட்டால் தினமும் வருவான், இன்டர்நெட்டுக்கு. முகாம்களுக்கு வந்து சேருகிற சனங்களின் படங்கள் இருக்கிற பக்கங்களைத் திறந்து, ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்ப்பான். அவனுடைய தம்பி வன்னியில். மூன்று மாதமாகச் செய்தி இல்லை. நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

"என்ன மச்சான், பேய்க்கு இன்னும் வைத்தியம் பாக்கிறியா?"

"வந்து பாரு. வாயடிக்காத."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். செட்டிங்கைத் திறந்தான். சிரித்தான்.

"ஒட்டோ எண்டு விட்டிருக்கியே. டிரைவ நீயே தேடிப் புடி எண்டா, அது முதல்ல காண்றதத்தான் புடிக்கும். முதல்ல நிக்கிறது ஆரு? நீ படம் பாக்க ஒரு பொய் டிரைவ் போட்டு வெச்சிருக்கியே, அது."

"அதுக்குள்ள ஒண்டுமில்லயே."

"அதத்தான் சொல்றன். ஒண்டுமில்லாததுக்கு முன்னால ரெண்டு நாளாக் காவல் நிக்குது. உன்ட மெஷினும் உன்னப் போலதான்."

அந்த நேரம்தான் சந்திப் பக்கம் பட்டாசு வெடித்தது. முதலில் ஒன்று. பிறகு நிற்காமல். யாரோ மோட்டார் சைக்கிளில் கொடி பிடித்துக்கொண்டு ஹோர்ன் அடித்துப் போனான். பக்கத்துக் கடையில் ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள். முடிந்துவிட்டது என்றது ரேடியோ.

அவன் கை மவுஸின் மேல் இருந்தது. அப்படியே இருந்தது. நான் எழும்பிக் கடைக் கதவைச் சாத்தினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது.

"தேத்தண்ணி எடுக்கவா?" என்றேன்.

"வேணாம்." திரையைப் பார்த்தபடியே இருந்தான். "இதத் தூக்கிறன். தூக்கட்டா?"

"தூக்கு."

பொய் டிரைவைக் கழற்றினான். ஒட்டோ என்பதை எடுத்துவிட்டு நிச டிரைவின் எழுத்தைத் தன் கையால் தெரிவு செய்தான். இன்னும் ஒரு பெட்டியில் சரி போட்டான். உள்ளதை அலங்கரிக்காமல் உள்ளபடியே காட்டு என்கிற மாதிரி ஒரு கட்டளை. வடுவையும் சேர்த்துக் காட்ட. பிறகு உள் கொம்பியூட்டரைத் திரும்ப எழுப்பினான். மணிச் சத்தம். டிரைவ் ஒரு தடவை விக்கி, சுற்றத் தொடங்கியது. இந்தத் தடவை இரண்டு கொம்பியூட்டரும் ஒரே சீடியைப் பார்த்தன. சொஃப்ட்வெயர் எட்டிப் பார்த்தது. கதவைத் திறந்தது.

"புடிச்சிட்டு," என்றான். கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினான். முகங்களைப் பார்க்க அன்று அவன் இருக்கவில்லை. பட்டாசு ஓயும்வரை நில் என்றேன். நிற்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே ஒழுங்கையின் நிழல் பக்கமாகப் போனான். அவனுடைய தம்பி பற்றி இன்றுவரை செய்தி இல்லை. அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மாதச் சீடியிலிருந்து முன்பே உள்ளே ஏற்றி வைத்திருந்த ராத்தாவின் வளவை நான் திறந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள். வீதி. நாலு எல்லைக்கல். கிணற்றுக்கு ஒரு வட்டம். நடுவே வேலிக்கு என் கையால் போட்ட குறுக்குக் கோடு. வட்டத்திலிருந்து கோட்டுக்கு நாற்பத்தேழு அடி. மூலையில் முருங்கை மரம் என்றுகூடக் குறித்திருந்தேன், திரைக்கு மேலால் அதன் தலை தெரிந்ததால். கோட்டின் மேலேயே அந்த மரம் நின்றது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் வளவில் நின்றோம். ராத்தா. மேசன். வரிப்பத்தான்சேனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த தங்கச்சியின் மாப்பிள்ளை. ராத்தா அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்; நாங்களும் அப்படித்தான். வயல் மண் காய்ந்த காலோடு வந்திருந்தார். கடல் முன்னால் ஒன்றும் தெரியாததுபோல இருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி நின்றார்.

இந்தத் தடவை திரை இல்லை. நானே நாடாவைப் பிடித்துக்கொண்டு போனேன். கிணற்றடியில் மேசன் பிடித்தார். நாற்பத்தேழில் ஒரு கட்டையை அடித்தேன்.

"அப்ப இதுதான் சுவரடி," என்றார் மேசன். "இதுக்கங்காலதான் புள்ள. நம்மட குழியும் அங்கதானே வருது."

"அதத் தள்ள ஏலாதா?" என்றேன்.

"அங்கால தள்ளினா அடுத்த வளவுக்காரன் சண்டைக்கு வருவான். இங்கால தள்ளுவம். கட்டைக்கு இந்தப் பக்கம், கிணத்துப் பக்கமா ஆறடி. கிணத்துக்குக் கொஞ்சம் கிட்டதான். ஆனா வேற வழியில்ல. என்ன மச்சான்?"

மச்சான் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளக்கி மேல இல்லாட்டி சரி," என்றார்.

மேசன் மண்வெட்டியால் மணலில் வட்டம் கீறினார். மடிந்த சாரத்தை இறுக்கிக் கட்டினார். முதல் வெட்டுக்கு மண்வெட்டி மேலே போனது.

"அங்க வெட்டாதீங்க," என்றார் ராத்தா.

மேசன் நிறுத்தினார். "ஏன் ராத்தா? தம்பி அளந்து தந்திரிக்காரே."

"தம்பி சரியாத்தான் அளந்திரிக்காரு." ராத்தாவின் குரல் தணிந்தது. ஆனால் விழுங்கவில்லை. "அண்டைக்கி நான்தான் நாடாவ வேலியடில புடிக்கல்ல."

மேசன் மண்வெட்டியை மணலில் இறக்கினார்.

"கடப்பால அங்கால போய், முருங்க மரத்தடியில புடிச்சன். மரம் எங்கட பக்கம் வரட்டும் எண்டு. பிளானில மட்டும்தான், வேலிய நான் நகத்தல்ல. நாளைக்கி எப்பயாவது... எனக்குத் தெரியா, எதுக்குப் புடிச்சன் எண்டு. மறுகா சுவர் கட்டக்கொள வேலி நிண்ட இடத்திலதான் கட்டினீங்க மச்சான். பிளானப் பாத்து ஆரு சுவர் கட்டுறா. சுவர் இந்தக் கட்டையடியில இல்ல. இங்கால."

மேசன் கீறிய வட்டத்தை ராத்தா காட்டினார். "புள்ள இதுக்குள்ள."

மேசன் வட்டத்துக்குள் வைத்திருந்த தன் வலது காலை மெல்ல வெளியே எடுத்தார்.

"தங்கச்சி பாத்துக்கிட்டுத்தான் நிண்டா," என்றார் ராத்தா. "முருங்கக் காய் ஆஞ்சிக்கிட்டு நிண்டா. பாத்துச் சிரிச்சா. ஒண்டுஞ் செல்லல்ல. மௌத்தாகும் வரைக்கும் ஒரு சொல் செல்லல்ல. பிளான் கிடைச்சா அதில இருந்து நானே மனசுக்குள்ள கழிச்சிக்கிட்டு, வேற ஏதாவது செல்லி இடத்த மாத்திரலாம் எண்டு நினைச்சன். மேசன் இங்கால தள்ளுவாரு எண்டு நினைக்கல்ல."

மச்சான் முதல் தடவையாகக் கடல் பக்கம் திரும்பினார். எங்களுக்கு முகம் தெரியவில்லை. அப்படியே நின்று கதைத்தார்.

"அவ எனக்குச் சென்னா. கலியாணம் முடிச்ச புதுசில. ‘ராத்தாக்கு முருங்க மரத்துல ஆச, சிரிச்சிக்கிட்டு விட்டுட்டன்’ எண்டு. நான் பகிடிக் கதை எண்டு நினைச்சிட்டன். கேட்டிருக்கோணும். எவ்வளவு எண்டு கேட்டிருக்கோணும்."

"ஒரு பாய் அகலம்," என்றார் ராத்தா. "வேலிக்கும் மரத்துக்கும் நடுவில ஒரு பாய் விரிப்பம்."

"எந்தப் பாய்?" என்று மேசன் கேட்டார். கேட்கத்தான் வேண்டும். "படுக்கிற பாயா, நெல்லுக் காயப்போடுற பாயா?"

இரண்டையும் விரித்திருக்கிறார்கள். நெல் வந்த காலத்தில் நெல்லுப் பாய். மற்றக் காலத்தில் பிள்ளைகளை வளர்த்த ஒரு படுக்கைப் பாய். அளந்தது எந்தக் காலம்? வாப்பா மௌத்தான வருசம் வயல் செய்தார்களா? ராத்தாவுக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை; திரைக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான்.

ராத்தா பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பாய்களையும் வாங்கி வந்தார். கட்டையிலிருந்து கிணற்றுப் பக்கமாக விரித்துப் பார்த்தோம். முதலில் சின்னது. பிறகு அதை எடுத்துவிட்டுப் பெரியது. வெயிலில் அந்த வெறும் மணலில் பாய் விரிந்து கிடந்தது. யாரும் அதன் மேல் இருக்கவில்லை. மச்சான் பெரிய பாயின் ஓரத்தில் குந்தி, அதன் விளிம்பைச் சரிசெய்தார்; போர்வை விலகினதைச் சரிசெய்வது போல.

"இவ்வளத்தையும் விடுங்க," என்றார் ராத்தா. "கட்டையில இருந்து பெரிய பாயின்ட நுனி வரைக்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு அடியும் விடுங்க. ஒண்டும் தோண்டக் கூடாது."

"அப்ப குழி எங்க ராத்தா?" மேசன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "மிச்சமிரிக்கிறது முன்பக்கம்தான். கேட்டடி. சீதன வீடு. மாப்பிள்ள வீட்டாக்கள் வந்து முதல்ல காணப்போறது கக்கூசத்தான். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்," என்றார் ராத்தா.

அப்படித்தான் கட்டினார்கள். வீதியிலிருந்து கேட்டைத் திறந்தால் வலது கையில் கிணறு, இடது கையில் கக்கூசு, அதற்குப் பின்னால் வீடு. கலியாணத்தன்று அதன் மேல் கலர்த் துணியைச் சுற்றி, பலூன் கட்டி மறைத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் அதைத்தான் மணவறை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் பார்த்தார் என்று தெருவில் இன்றும் கதைக்கிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லி ராத்தாவே சிரிப்பார். மச்சான் அந்தக் கலியாணத்துக்கு ஒரு மூடை நெல்லோடு வந்து, சாப்பிட்டுவிட்டு, பின்பக்கம் போய் மணல் விட்ட இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அங்கே புல்கூட வைக்கவில்லை. வீட்டு ஆட்கள் அதைச் சுற்றித்தான் நடப்பார்கள். இப்போது வளர்கிற பிள்ளைகளுக்கு ஏன் சுற்றுகிறோம் என்று தெரியாது. சுற்றுகிறார்கள்.

அந்த வியாழக்கிழமை நாடாவைச் சுருட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பியபோது, கொம்பியூட்டர் காலையில் விட்டபடியே எரிந்துகொண்டிருந்தது. உள் ஜன்னலில் ராத்தாவின் வளவு. கோட்டை நகர்த்திச் சரியாகக் கீறி வைக்கலாம் என்று மவுஸைப் பிடித்தேன். எவ்வளவு நகர்த்த? விட்டுவிட்டேன். தட்டை வெளியே எடுத்தேன். அசல் சீடி சூடாக இருந்தது.

சேரின் மனைவி கடையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறார். அன்று பின்னேரம் அந்தச் சீடியைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மகன் கட்டாரில் என்றார். யுத்தம் முடிஞ்சிட்டு, இனி பஸ் ஒழுங்கா ஓடும் என்றார். சேர் அந்த ஞாயிற்றுக்கிழமை எதற்காக ஒபிசுக்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார். ராத்தாவின் குரல் காதில் இருந்தது, அங்க வெட்டாதீங்க என்று, மண்வெட்டி மேலே போன பிறகு அவர் சொன்ன மாதிரி. கோப்பையைக் கீழே வைத்தேன். சீடி பொக்கெட்டிலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி என்றார். ஓம் என்றேன்.